பெட்ஷீட் மாற்றியது யார்?

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாத மதியம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். கையில் பதினோரு பக்க வினாப்பட்டியல், ஆங்கிலத்தில். புதுச்சேரியின் சுற்றுலாவும் தங்கும் விடுதிகளும் அவளுடைய ஆய்வுப் பொருள். விடுதி உரிமையாளர்களிடமும் ஊழியர்களிடமும், வீட்டின் ஒரு பகுதியைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் மாற்றித் தர வேண்டும். தமிழில் பட்டம் வாங்கியவளுக்கு இது ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன்.

'ஹாஸ்பிடாலிட்டி'யில் சிக்கல் இல்லை. விருந்தோம்பல். குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரே அதுதான். 'ஹவுஸ்கீப்பிங்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. விடுதியில் அது ஒரு துறை. அதற்கு மேலாளர் உண்டு, சீருடை உண்டு, தனி லிஃப்ட் உண்டு. அதே வேலையை வீட்டில் செய்கிறவளுக்கு என்ன பெயர்? பெருக்குவது, துடைப்பது, துவைப்பது, மடிப்பது என்று வினைச்சொற்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல, உழைப்பு என்று மதிக்கும்படியான ஒரு பெயர்ச்சொல் எனக்கு அகப்படவில்லை. கடைசியில் 'அறைப் பராமரிப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. மொழிபெயர்க்க முடியாதது சொல்லா, அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ஆளா?

அப்படித்தான் நான் அவளோடு அலைய ஆரம்பித்தேன். சனிக்கிழமைகளில், ஸ்கூட்டரில், இரண்டு பேரும்.

அவளுடைய ஆய்வு முழுக்கத் தரவு. ஒயிட் டவுன் விடுதிகளின் அறை வாடகை, அறைகள் நிரம்பும் விகிதம், கடலிலிருந்து உள்ள தூரம், கட்டடம் பிரெஞ்சு பாணியா இல்லையா, இணையத்தில் விருந்தினர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான மதிப்புரைகள். ஒரு பொருளின் விலையை அதன் குணங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. 1974இல் ஷெர்வின் ரோசன் என்ற பொருளாதார அறிஞர் அதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். பால்கனி இருந்தால் வாடகை எவ்வளவு கூடும், கடல் தெரிந்தால் எவ்வளவு கூடும் என்று தனித்தனியே சொல்லிவிடலாம். அழகான கணக்கு. நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. ஒரு செய்யுளை அசை, சீர், தளை என்று பிரித்துப் பார்க்கும் சுகம் எனக்கு அதில் கிடைத்தது.

அந்தக் குணங்களில் ஒன்று சுத்தம். விருந்தினர்கள் சுத்தத்துக்குத் தனியாக மதிப்பெண் போடுகிறார்கள். பெட்ஷீட் வெள்ளையாக இருந்தது, குளியலறை பளிச்சென்று இருந்தது, தலைமுடி ஒன்றுகூடக் கிடக்கவில்லை என்று எழுதுகிறார்கள். அந்த மதிப்பெண் ஆய்வில் ஒரு மாறியாக உட்கார்ந்திருந்தது. வாடகையை உயர்த்துகிற மாறி. ஆனால் அந்தத் தரவுத் தாளில் எத்தனை நிரல்கள் இருந்தனவோ, அத்தனையிலும் தேடிப் பார்த்தேன். சுத்தம் இருக்கிறது, சுத்தம் செய்தவள் இல்லை. கடல் இயற்கை கொடுத்தது, கட்டடம் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது. சுத்தமும் அப்படித்தான் தானாக விளைந்தது போலிருக்கிறது.

சுத்தம் செய்தவளை முத்தியால்பேட்டையில் கண்டுபிடித்தோம். ஐம்பது வயதை நெருங்குகிறவர். கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் ஏழு வருடமாக வேலை. வார நாளில் பத்து அறை, சனி ஞாயிறில் பதினாலு அறை. மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மறு கையால் விரிப்பைச் செருகுவதை எங்களுக்கு அவர் வீட்டுப் பாயில் செய்து காட்டினார். வலது தோள்பட்டை முழுதாக மேலே போகவில்லை. "வெள்ளிக்கெழம ராத்திரி பெங்களூர்லேந்து வருவாங்கம்மா. குடிக்கிறதுக்குன்னே வர்றவங்க இருக்காங்க. ஞாயித்துக்கெழம அந்த ரூமத் தொறக்கும்போது இன்னா கெடக்கும்னு சாமிக்குத்தான் தெரியும்." வாந்தியைப் பற்றிச் சொன்னார். கதவைத் தட்டினால் இடுப்பில் துண்டுகூட இல்லாமல் வந்து திறக்கும் ஆண்களைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். சிரிக்கவேண்டிய விஷயமாக ஆக்கிக்கொண்டால்தான் மறுநாள் வேலைக்குப் போக முடியும்.

"எந்த ஓட்டல்ல வேல பாக்கறீங்க?" என்பது வினாப்பட்டியலின் கேள்வி. "ஓட்டல்ல இல்லம்மா, காண்ட்ராக்டர்கிட்ட" என்றார்.

இந்த ஒரு பதிலில் எவ்வளவு மறைந்துபோகிறது என்பதை நான் பிறகுதான் அந்த மாணவியிடமிருந்து கற்றுக்கொண்டேன். விடுதியின் கணக்குப் புத்தகத்தில் 'சம்பளம்' என்ற தலைப்பின் கீழ் இந்தப் பெண் இல்லை. 'வெளியிலிருந்து பெற்ற சேவைகள்' என்ற தலைப்பில் இருக்கிறார். லிஃப்ட் பழுது பார்த்த பில், கரப்பான் பூச்சி மருந்தடித்த பில், சலவை பில், அவற்றோடு இவர். விடுதியின் மதிப்புக் கூட்டலைக் கணக்கிடும்போது, வாங்கிய பொருட்களையும் சேவைகளையும் கழித்துவிட வேண்டும் என்பது பொருளாதார விதி. அரிசி, சோப்பு, மின்சாரம் கழிபடும். அவற்றோடு இவரும் கழிபடுவார். ஒப்பந்த நிறுவனம் ஒழுங்காகப் பதிவுசெய்து கணக்கு வைத்திருந்தால், வேறு ஏதோ ஒரு துறையில் போய்ச் சேர்வார். வைத்திராவிட்டால் அதுவும் இல்லை. ஆக, 'சுற்றுலாத் துறை இத்தனை பேருக்கு நேரடி வேலை கொடுக்கிறது' என்று ஒரு மேடையில் ஓர் அமைச்சரோ ஓர் ஆய்வாளரோ சொல்லும்போது, அந்த அறையில் பெட்ஷீட் மாற்றியவர் அதில் இல்லாமல் போக எல்லா வழியும் இருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. விதிப்படி போட்ட கணக்கு.

எண்ணப்படாவிட்டால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013இல் வந்த சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவரும் ஊழியரே என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வேலையிடத்துக்கு வந்துபோகும் மூன்றாம் நபர்களிடமிருந்தும் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்றும் சொல்கிறது. துண்டில்லாமல் கதவு திறக்கிறவன் அந்த மூன்றாம் நபர்தான். ஆனால் விடுதிக்காரர் தன் சம்பளப் பட்டியலைக் காட்டி, "எங்ககிட்ட எட்டுப் பேருதான்" என்று சொல்லிவிட்டால், அதை மறுக்க யாரிடம் வேறொரு பட்டியல் இருக்கிறது? பத்துக்கும் எட்டுக்கும் நடுவில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். அவர்களை எண்ணினால் குழு உண்டு, எண்ணாவிட்டால் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது முத்தியால்பேட்டை அம்மாவை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். இந்த ஊருக்கு வேலைநீக்கம் என்றால் என்னவென்று தெரியும். ஆலைத் தொழிலாளர்களின் ஊர் இது. 1936 ஜூலை 30இல் துப்பாக்கிச் சூட்டில் செத்த பன்னிரண்டு தொழிலாளர்களை வருடந்தோறும் நினைவுகூரும் ஊர். ஏ.எஃப்.டி. ஆலையையும் சுதேசி, பாரதி ஆலைகளையும் அதே 2020இல் மூடியபோது ஆர்ப்பாட்டம் நடந்தது, அறிக்கைகள் வந்தன, எத்தனை பேருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்குப் பேசினார்கள். ஆலைத் தொழிலாளிக்கு ஒரு எண் இருந்தது, அட்டை இருந்தது, சங்கம் இருந்தது. ஆலை போன இடத்தில் சுற்றுலாதான் இனிச் சோறு போடும் என்கிறார்கள். போடட்டும். அதை வடிக்கிறவளுக்கு ஓர் அட்டையாவது உண்டா?

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் ஒரு தெருவுக்குப் போனோம். திண்ணையும் தாழ்வாரமும் வைத்த பழைய வீடு. மாடியில் மூன்று அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறார்கள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். சுற்றுலாத் துறைப் பதிவு அவர் பெயரில். வங்கிக் கணக்கு அவர் பெயரில். முன்பதிவுச் செயலியில் விருந்தினரை வரவேற்றுச் சிரிக்கும் படமும் அவருடையது. காலை ஒன்பதரை மணிக்கு அவர் திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மாடியிலிருந்து கக்கத்தில் ஒரு மூட்டை அழுக்குத் துணியுடன் இறங்கி வந்தார்.

"உங்க தொழில் என்னங்கம்மா?"

"நான் ஊட்ல சும்மாதான் இருக்கேன். அவருதான் ஓம்ஸ்டே பாக்கறாரு."

வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மாணவி என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன்.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குறியெண் உண்டு. சொந்தத் தொழில் செய்கிறவர் 11. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவர் 21. வீட்டு வேலை மட்டும் செய்கிறவர் 92. முதல் இரண்டும் உழைப்பாளர் கணக்கில் சேரும், மூன்றாவது சேராது. திண்ணையில் இருந்தவருக்குச் சந்தேகமில்லாமல் 11. அந்த அம்மாவுக்கு 21ஆ, 92ஆ? 'சும்மாதான் இருக்கேன்' என்பதை அப்படியே எழுதிக்கொள்ளும் கணக்கெடுப்பாளர் வந்தால் 92. கொஞ்சம் துருவிக் கேட்கிறவர் வந்தால் 21. அப்போதும் 'உதவி'தான். மூன்று அறைகளை நடத்துவது அவர், உதவுவதாகப் பதிவாவதும் அவர்.

மத்திய அரசின் ஹோம்ஸ்டே விதிகளைப் படித்துப் பார்த்தேன். ஆறு அறைகள் வரை விடலாம். உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். அந்தக் 'குடும்பத்தோடு' என்ற சொல்லில்தான் முழு வியாபாரமும் இருக்கிறது. பயணிக்கு வேண்டியது வெறும் கட்டில் அல்ல. வீடு வேண்டும். ஒரு அம்மா சுடச்சுட இட்லி வைக்க வேண்டும், எங்கே போய்வந்தீர்கள் என்று விசாரிக்க வேண்டும், சிரிக்க வேண்டும். விமானப் பணிப்பெண்களின் சிரிப்பும் உழைப்புதான், அதையும் முதலாளி வாங்கி விற்கிறான் என்று ஆர்லி ஹோக்‌ஷீல்டு 1983லேயே எழுதினார். பணிப்பெண்ணுக்கு அந்தச் சிரிப்புக்குச் சம்பளமாவது வந்தது.

இந்த இடத்தில் என் துறைக்குள் கொஞ்சம் போய்வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருந்தைப் பேணுவது இல்லறக் கிழத்தியின் கடமை என்று தொல்காப்பியம் கற்பியலில் வகுத்துவிட்டது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வந்தபின் கண்ணகி கோவலனிடம் சொல்லும் குறை நினைவிருக்கிறதா? நீ பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையும் இழந்தேன் என்கிறாள். வகுப்பில் இதைக் கற்பின் மாண்பு என்று நடத்துவார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நடத்தினேன். அந்த மாடி வீட்டுக்குப் போய்வந்த பிறகு வேறு மாதிரி கேட்கிறது. சமைக்கத் தெரிந்தவள் கண்ணகி. வீடு இருக்கிறது, வேலை செய்யக் கை இருக்கிறது. ஆனாலும் கணவன் இல்லாமல் அவளால் விருந்து ஏற்க முடியாது. வேலை அவளுடையது, உரிமம் அவனுடையது. புகாரில் நடந்த அதே ஹோம்ஸ்டேதான் பெரிய வாய்க்காலுக்கு மேற்கிலும் நடக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அது இன்னும் நெருக்கம். சிறுபாணாற்றுப்படை இந்தக் கரையின் பாட்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழியை நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணனுக்குச் சொல்கிறார். அதில் வரும் எயிற்பட்டினத்தை நமக்கு வடக்கே உள்ள மரக்காணத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். இன்று சென்னைக் கார்கள் வரும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் அது. பயண வழிகாட்டி என்றால் இதைவிடப் பழைய வழிகாட்டி இந்த வட்டாரத்துக்குக் கிடையாது. எங்கே தங்கலாம், என்ன சாப்பிடக் கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்கிறது. கவனித்துப் படித்தால் ஒன்று தெரியும். சாப்பாட்டைச் சொல்லும்போது அதை ஆக்கியது யார் என்றும் சொல்கிறது. கடற்கரையில் கள்ளை வடித்தவள் நுளைமகள். வேலூரில் புளி சேர்த்துச் சோறு ஆக்கியவர்கள் எயிற்றியர். ஆமூரில் வழிப்போக்கரைப் போகவிடாமல் தடுத்து, நண்டோடு வெண்சோறு போட வைப்பவள் உழவர் வீட்டுப் பெண். பாட்டின் முற்பகுதியிலேயே, பசியில் குப்பைக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கி வாசல் கதவை அடைக்கும் கிணைமகள் வருகிறாள்.

அந்தப் புலவரைப் பெண்ணியவாதி ஆக்க நான் தயாராக இல்லை. பாட்டின் புகழ் முழுவதும் கடைசியில் நல்லியக்கோடனுக்குத்தான் போய்ச்சேர்கிறது. பெண்கள் போட்ட சோற்றின் மொத்த உற்பத்தி மதிப்பும் அரசன் பெயரில் பதிவாகிவிட்டது என்று பொருளாதார மொழியில் சொல்லலாம். ஆனாலும் அவர் அந்த நிரலைத் தன் பாட்டில் வைத்திருந்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் கழித்து, கணினியும் மென்பொருளும் வைத்திருக்கும் நாம் அதை அழித்துவிட்டோம்.

நம் ஊர் எண்ணிக்கைக்கு மட்டும் பஞ்சமில்லாத ஊர். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் எந்தக் கப்பல் எப்போது வந்தது, யாருக்கு எத்தனை பீரங்கிக் குண்டு போட்டு மரியாதை செய்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. புதுச்சேரியின் முதல் வருகைப் பதிவேடு என்று அதைச் சொன்னால் தப்பில்லை. இன்று பீரங்கிக்குப் பதில் விடுதிகள் மாதந்தோறும் அனுப்பும் கணக்கு. உள்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையை மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் தங்கும் விடுதிகள் தரும் கணக்கைத் தொகுத்துத்தான் டெல்லிக்கு அனுப்புகின்றன. அப்படியென்றால் நாத்தனார் வீட்டில் வந்து தங்கிப் பாரடைஸ் பீச்சும் மணக்குள விநாயகரும் பார்த்துப் போகிற குடும்பம் இந்தப் பட்டியலில் இல்லை. தேசிய மாதிரி ஆய்வு 2014-15இல் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, இந்தியர்கள் இரவு தங்கிச் செல்லும் பயணங்களில் மிகப் பெரும்பான்மை உறவினரையும் நண்பரையும் பார்க்கவும் வீட்டு விசேஷங்களுக்கும் போகும் பயணங்கள் என்று தெரிந்தது. இந்த நாட்டின் மிகப் பெரிய ஓட்டல் எதுவென்று இப்போது சொல்லுங்கள். அத்தையும் சித்தியும் அண்ணியும் நடத்துவது. வாடகை இல்லை, மதிப்புரை இல்லை, ஹவுஸ்கீப்பிங் மேலாளர் இல்லை. விடுமுறை விட்டால் இந்த ஊரில் எத்தனை பெண்கள் விருந்தாளிகளுக்குக் கட்டிலை விட்டுக்கொடுத்துச் சமையலறைத் தரையில் படுக்கிறார்கள்!

2019இல் இதே அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் ஊதியமில்லாமல் அந்த வேலை செய்கிறார்கள், அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். எண் இருக்கிறது. அரசே எடுத்த எண். அது சுற்றுலாக் கணக்குக்குள் வருவதில்லை, அவ்வளவுதான். தன் வீட்டுக்காகச் செய்யும் சமையலும் துப்புரவும் உற்பத்தி ஆகாது என்பது உலக நாடுகள் தேசியக் கணக்குக்கு ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு. நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் இருந்த மரிலின் வேரிங் 1988இல் இந்தக் கோட்டைத் தோலுரித்து ஒரு புத்தகமே எழுதினார். கோடு இன்னும் பெரிதாக நகரவில்லை.

மாணவியிடம் திரும்புகிறேன். அவள் விடாப்பிடியாக முப்பதுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போனாள். ஒப்பந்தப் பெண்களின் பெயர்களை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிவைத்தாள். ஆய்வேட்டில் அதற்குத் தனி இயல் ஒதுக்கினாள். அவளுடைய நெறியாளர் வாசித்துவிட்டு மூன்று விஷயங்கள் சொன்னாராம். மாதிரி போதாது. இவை விலகிய மதிப்புகள், மாடலைக் கெடுக்கின்றன. இது பொருளாதாரம் அல்ல, பெண்ணியம்.

முதலாவது நியாயமான விமர்சனம். முப்பது வீட்டை வைத்து ஊருக்கே சூத்திரம் எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து இன்னும் நூறு வீட்டுக்குப் போவது, முப்பதையும் தூக்கி எறிவது அல்ல. இரண்டாவதில்தான் எனக்கு ஆத்திரம். மாடலுக்குப் பொருந்தாத பெண்களை மாடலின் எதிரிகள் ஆக்குவதற்குப் பெயர் அறிவியலா? மூன்றாவதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் என்னிடம் வந்து அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முதல்ல பட்டத்த வாங்குடி. அந்த இயல அப்புறம் புத்தகமாப் போட்டுக்கலாம்."

மேடைகளில் நெருப்பாகப் பேசுகிறவள் நான். என் கவிதைகளில் அடுப்பு வரும், கரி வரும், ஆயிரம் வருட மௌனம் வரும். ஒரு பெண் கையில் ஆதாரத்தோடு வந்து நின்றபோது அதை எடுத்துவிடச் சொன்னவளும் நான்தான். அவளுக்கு உதவித்தொகை முடியப்போகிறது, வீட்டில் கல்யாணப் பேச்சு, நெறியாளரைப் பகைத்தால் இன்னும் இரண்டு வருடம் போகும். காரணங்கள் எல்லாம் உண்மை. அந்த உண்மைகளால்தான் பெண்களைப் பற்றிய இயல்கள் ஆய்வேடுகளிலிருந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. அவளுடைய வாய்மொழித் தேர்வில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். கேட்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். விடுதியிலிருந்து வரவழைத்த சாப்பாடு. நன்றாக இருந்தது. ஆக்கியது யாரென்று யாரும் சொல்லவில்லை.

என்னைப் போன்ற இலக்கியப் பெண்ணியவாதிகளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எண் என்றாலே முகம் சுளிப்போம். எண்ணுவது அதிகாரத்தின் மொழி, பெண் அனுபவம் கணக்கில் அடங்காது என்று சொல்லிவிட்டு அடுத்த கவிதைக்குப் போவோம். அடங்காதுதான். ஆனால் அந்த முத்தியால்பேட்டை அம்மாவுக்கு என் கவிதையால் புகார்க் குழு வராது. சம்பளச் சீட்டு வராது. உலகச் சுற்றுலா அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை, சுற்றுலாத் தொழிலில் 54 சதவீதம் பெண்கள் என்றும் ஆண்களைவிட 14.7 சதவீதம் குறைவாக ஊதியம் பெறுகிறார்கள் என்றும் சொல்லியது. சொன்னதால்தான் எதிர்த்துக் கேட்க ஒரு பிடி கிடைத்தது. புதுச்சேரிக்கு அப்படி ஒரு பிடி வேண்டும். கண்ணீர் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது.

பிரெஞ்சுப் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு பிரெஞ்சுக் கதை சொல்கிறேன். ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரும் காகிதப் பூவும் குரோசானும்தான் பிரான்ஸ் என்று விற்கிறோம். பாரிஸின் பாத்தினியோல் பகுதியில் ஐபிஸ் விடுதி இருக்கிறது. அங்கே அறை சுத்தம் செய்த ஏறக்குறைய இருபது பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெண்கள், 2019 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்களும் விடுதி ஊழியர்கள் அல்ல, ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். மணிக்கு மூன்றரை அறை என்பது அவர்கள் மேல் சுமத்தப்பட்ட கணக்கு. அந்தக் கணக்கைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள். இத்தனை நிமிடத்தில் ஒரு கட்டில், ஒரு குளியலறை, ஒரு தரை முடியுமா என்று நிமிடத்தை எண்ணிக் காட்டினார்கள். 22 மாதம் நீண்டது. 2021 மே மாதம் ஊதிய உயர்வோடும் குறைந்த அறைக் கணக்கோடும் வென்றார்கள். அவர்களில் ஒருவரான ரஷெல் கேகே மறு வருடம் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். ஸ்பெயினில் விடுதி அறை சுத்தம் செய்கிறவர்கள் 'லாஸ் கெல்லிஸ்' என்று அமைப்பு நடத்துகிறார்கள். 'சுத்தம் செய்கிறவள்கள்' என்ற தொடரைச் சுருக்கிய பெயர். நான் மொழிபெயர்க்கத் திணறிய சொல்லுக்கு அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

நம் அரசின் சின்னத்திலேயே ஒரு பெண்ணின் நினைவிடம்தான் இருக்கிறது. ஆயி மண்டபம். விளக்கேற்றியிருந்த அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்து அரசன் கும்பிட்டுவிட்டானாம். தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னானாம். அவளே தன் வீட்டை இடித்து அங்கே குளம் வெட்டினாளாம். பின்னாளில் ஊருக்குத் தண்ணீர் வந்ததும் அங்கிருந்துதான் என்பது கதை. பாரதி பூங்காவில் அந்த மண்டபத்தின் முன்னால் நாள் முழுக்கப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரசு அனுப்பும் சுற்றுலாக் கடிதங்களின் தலைப்பிலும் அவள்தான். அந்தக் கடிதங்களுக்குக் கீழே வரும் புள்ளிவிவரத்தில் மட்டும் அவள் பேத்திகளைக் காணோம்.

அந்த மாணவி இப்போது ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போன வைகாசியில் மறுபடி வந்தாள். நீல அட்டை நோட்டு கையில் இருந்தது. கூடவே இரண்டே பக்கத்தில் ஒரு புது வினாப்பட்டியல், அவளே தமிழில் எழுதியது. பட்டத்துக்காக இல்லை, நெறியாளரும் இல்லை. 'உங்கள் தொழில் என்ன' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'இன்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்' என்று வைத்திருந்தாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த மாடி வீட்டுக்கே முதலில் போனோம்.

அந்த அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து முதலில் யோசித்தார். அப்புறம் ஆரம்பித்தார். நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டது. மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டது. நடு அறையில் தங்கியிருந்தவர்கள் ஐந்தரை பஸ்ஸுக்குப் போகிறார்கள் என்று காபி போட்டுக் கொடுத்தது. இட்லி ஊற்றியது. கடைசி அறைக் குழந்தைக்கு மட்டும் காரமில்லாமல் தனியாகச் சட்னி அரைத்தது. போனவர்கள் அறையைக் கூட்டித் துடைத்தது, குளியலறை தேய்த்தது, இரண்டு பெட்ஷீட், நான்கு தலையணை உறை, நான்கு துண்டு துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டது. பன்னிரண்டு மணிக்கு வரப்போகிறவர்களுக்கு வழி சொல்ல மூன்று முறை போன் எடுத்தது. மாணவி முதல் பக்கத்தைத் திருப்பி இரண்டாவது பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். மணி பத்துகூட ஆகியிருக்கவில்லை.

திண்ணையிலிருந்து வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். "அவளுக்கு இன்னா தெரியும் மேடம்? ஓம்ஸ்டே வெவரம்லாம் என்னக் கேளுங்க, நான் சொல்றேன்" என்றார்.

அம்மா திரும்பாமலே சொன்னார்: "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."